கோடைக் காய்கறியை வற்றலாக்குவோம்

புதுவை தட்டாஞ்சாவடியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உள்ளது. நெல்லையும் மணிலாவையும் நல்ல விலை படியும்வரை மூட்டையாக வைத்திருக்கலாம். பறித்த கத்தரிக்காய்க்கு அந்தத் தவணை இல்லை. பறிகூலிகூடக் கட்டாத நாளில் காயை வற்றலாக்குவதே வழி.

காய்கறி எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த ஈரத்தில்தான் பூசணமும் நுண்ணுயிர்களும் வளர்கின்றன. 10 கிலோ காயில் சுமார் 1 கிலோ வற்றல் தேறும்.

முற்றாத, சொத்தையில்லாத காய்களையே எடுக்கவும். மருந்து தெளித்திருந்தால், சீட்டில் குறித்த காத்திருப்பு நாட்கள் கழிந்த பிறகே பறிக்கவேண்டும். வெயிலில் காய்ந்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பவேண்டாம்.

கத்தரி, கொத்தவரையை நறுக்கி, உப்பிட்ட கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம் போட்டு வடிக்கவும். காயைக் கறுக்கச் செய்யும் நொதிகள் இதனால் செயலிழக்கும். வெண்டையை நறுக்கி அப்படியே உலர்த்தலாம்.

சாலையோரத்தைத் தவிர்த்து, மாடியில் பாய் விரித்து, மெல்லிய துணியால் மூடிக் காயவைக்கவும். கடற்காற்றில் ஈரம் இருப்பதால் பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிடவும். நல்ல வெயிலில் 3, 4 நாட்களில் ஒடித்தால் முறியும் பதம் வரும். ஆறியபின் டப்பாவில் அடைத்து, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்கவும். மூடியில் நீர் கோத்தால் மறுபடி வெயில் காட்டவும்.

ஓர் எச்சரிக்கை: வேகவைத்த காயைத் தண்ணீருடன் பாட்டிலில் காற்றுப் புகாமல் அடைத்து வைக்காதீர்கள். புளிப்பில்லாத காயில், காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் உயிர்கொல்லும் நஞ்சை உண்டாக்கும். வாடையில் அது தெரியாமலும் போகலாம். வீட்டுக்கு வற்றலும், புளிப்பும் உப்பும் சேர்ந்த ஊறுகாயுமே ஏற்றவை.