காஸெர்ட்டா அரண்மனை

பாம்ப்பி நகரத்து இடிபாடுகளைக் கண்டுவர வேண்டுமென்ற ஒரே நோக்கத்துடன் நாம் நேபிள்ஸ் சேர்ந்தோம். அது முடிந்தபின் ஒரு பகற்பொழுது மிஞ்சியிருந்தது. வடக்கே செல்லும் ரயிலில் ஏறி, சுமார் இருபது மைல் தூரத்திலுள்ள காஸெர்ட்டா என்னும் ஊரில் இறங்கினோம். இரண்டாவது மகாயுத்தத்தின் முடிவில், 1945-ஆம் வருஷம் ஏப்ரல் 29-ஆம் தேதி, இத்தாலியிலிருந்த ஜெர்மன் சேனைகளின் சரணாகதிப் பத்திரம் அவ்வூரிலே கையெழுத்தாயிற்று என்பதற்குமேல் அதைப் பற்றி நாம் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும், எதிரேயிருந்த வெளிக்கு அப்பால் ஒரு கட்டடம் தெரிந்தது. அரண்மனை என்று ஒருவர் சொல்லாதிருந்தால், ஒரு ஜில்லாவின் ஸர்க்கார் காரியாலயங்கள் அத்தனையையும் ஒரே கூரையின்கீழ் அடைத்துவிட்டார்கள் என்றே நினைத்திருப்போம்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். அறைகள் 1,200; ஜன்னல்கள் 1,742; மாடிப்படி வரிசைகள் 34; நடுவே நான்கு முற்றங்கள். பின்புறத்துத் தோட்டம் சுமார் இரண்டு மைல் நீளமுள்ளது. அதன் கோடியில் மலைச்சரிவிலிருந்து நீர் அருவியாக இறங்குகிறது. அந்நீர் அவ்விடத்தில் பிறந்ததன்று. தபூர்னோ மலைப்பக்கத்து ஊற்றுகளிலிருந்து சுமார் 24 மைல் தூரம் கால்வாய் வெட்டி, வழியிலே குறுக்கிட்ட ஒரு பள்ளத்தாக்கின்மீது, 1,700 அடி நீளமும் 180 அடி உயரமுமாக மூன்றடுக்கு வளைவுகளோடு ஒரு பாலம் எழுப்பிக் கொண்டுவந்தார்கள். 1753-இல் தொடங்கிய அவ்வேலை 1762-இல் நிறைவேறிற்று. அரண்மனைக்கும் கால்வாய்க்கும் சிற்பி லுயீஜி வான்வித்தெல்லி என்பவரே. அரசர்களின் செலவுகளை நாம் எளிதில் மெச்சுவதில்லை. ஆயினும் இக்கால்வாய் நீர் ஆலைகளுக்கும், பக்கத்திலுள்ள ஸான் லேயூச்சோ கிராமத்துப் பட்டு நெசவுச் சாலைக்கும் பயன்பட்டதென்பதை மறைத்தல் நியாயமன்று. கல் சுமந்தவர்கள் யார் என்பதையும் மறைத்தல் நியாயமன்று. கூலியாட்களோடு, சிறைக் கைதிகளும், மத்தியதரைக் கடலிலே சிறைபிடிக்கப்பட்ட முஸ்லிம் அடிமைகளும் இங்கே வேலை வாங்கப்பட்டார்கள்.

தலைநகரம் கடற்கரையிலிருக்க, அரசன் ஏன் இவ்வளவு தூரம் உள்ளே வந்து மாளிகை கட்டினான்? இக்கேள்விக்கு விடை இங்கிலீஷ்காரர்களிடமிருக்கிறது. போர்பன் வம்சத்துச் சார்லஸ் 1734-இல் நேபிள்ஸ் ராஜ்யத்தைக் கைப்பற்றியவன். பாம்ப்பியை அகழத் தொடங்கியவனும் இவனே. 1742-இல் பிரிட்டிஷ் கப்பற்படையொன்று நேபிள்ஸ் துறைக்குள் நுழைந்து, ஆஸ்திரிய யுத்தத்திலிருந்து உன் துருப்புகளைத் திருப்பியழைத்துக்கொள், இன்றேல் நகரத்தின்மீது குண்டு விழும் என்று எச்சரித்தது. கடிகாரத்தை முன்வைத்துக்கொண்டு கெடு சொன்னார்கள் என்று சரித்திரகாரர் எழுதுகின்றனர். அரசன் பணிந்தான். பத்து வருஷங்களுக்குப்பின், 1752-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி, தனது முப்பத்தாறாவது பிறந்தநாளன்று, பீரங்கிக்கு எட்டாத இடத்தில் அஸ்திவாரக்கல் நாட்டினான். ஜன்னல்களின் எண்ணிக்கையும் அந்த அவமான வருஷத்தின் எண்ணும் ஒன்றாயிருப்பது தற்செயலே. எனினும் நமக்கு அது வேடிக்கையாகவே தோன்றிற்று. வீடு முடியுமுன்பே, 1759-இல், ஸ்பெயின் தேசத்துச் சிங்காசனம் அவனுக்குக் கிடைத்தது. எட்டு வயதுப் பாலகனான பெர்டினாண்டிடம் ராஜ்யத்தை விட்டுப் போய்விட்டான்.

அஸ்திவாரக்கல் நாட்டப்படுவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜனவரி 13-ஆம் தேதி, ரோமாபுரியில் ஒரு போர்த்துகேயப் பிரபு குடும்பத்தில் எலியனோரா பொன்ஸேகா பிமென்டெல் என்னும் பெண் பிறந்தாள். அரண்மனையை நமக்குச் சுற்றிக்காட்டியவர் பளிங்குகளின் பெயரையெல்லாம் ஒப்புவித்தார், இப்பெயரை உச்சரிக்கவில்லை. நம் தொழிலைச் செய்பவர்கள் இப்பெயரை மறக்கலாகாது.

இவ்வம்மையார் முதலில் அரண்மனைக்கு வேண்டியவராகவே இருந்தார். 1768-இல் பெர்டினாண்டு ஆஸ்திரிய இளவரசி மரியா கரோலினாவை மணந்தபோது, பதினாறு வயதிலே மணவாழ்த்துப் பாடினார். ஸான் லேயூச்சோ நெசவாளருக்கு 1789-இல் அரசன் சமத்துவச் சட்டம் வகுத்தபோதும் புகழ்ந்து பாடினார். சமத்துவம் என்ற சொல் அரசனுடைய தோட்டத்து வேலிக்குள் இருந்தவரையில் அரசனுக்கு அது இனித்தது. அதே வருஷம் பிரான்ஸில் புரட்சி மூண்டது. 1793-இல் ராணியின் சகோதரி மரி அன்டோனெட் பாரிஸிலே சிரச்சேதம் செய்யப்பட்டாள். அப்புறம் நேபிள்ஸில் புத்தகம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. 1798-இல் எலியனோரா சிறை புகுந்தார். அவ்வருஷம் டிசம்பரில், பிரெஞ்சு சேனை நெருங்கிவர, அரச குடும்பம் நெல்ஸன் தளகர்த்தனுடைய கப்பலேறிப் பலெர்மோவுக்கு ஓடிற்று. பிரிட்டிஷ் பீரங்கிக்கு அஞ்சி மாளிகை கட்டியவனுடைய மகன், பிரிட்டிஷ் பீரங்கிக்குப் பின்னே போய் ஒளிந்தான்.

1799 ஜனவரியில் குடியரசு பிரகடனமாயிற்று. சிறையிலிருந்து வெளிவந்த எலியனோரா, பிப்ரவரி 2-ஆம் தேதி 'மோனித்தோரே நாப்பொலெத்தானோ' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அக்குடியரசு அந்நியர் துப்பாக்கியின் நிழலில் பிறந்தது. ஏழை ஜனங்களிற் பெரும்பாலோர் அரசன் பக்கமே நின்றார்கள். இக்குறையை வேறெவரையும்விட எலியனோராவே உணர்ந்திருந்தார். பிரெஞ்சுக்காரரின் கொள்ளைகளைத் தமது பத்திரிகையிலேயே கண்டித்தார். படித்தவர்களின் இத்தாலிய நடை பாமரருக்கு எட்டவில்லை, அவர்கள் பேசும் நேபிள்ஸ் பாஷையிலேயே செய்தித்தாள் வேண்டும் என்று எழுதினார். இங்கிலீஷில் சட்டம் படித்துவிட்டுத் தமிழிலே பத்திரிகை நடத்த வந்த நமக்கு இந்த இடத்தில் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஜூன் மாதத்தில் கார்டினல் ருப்போவின் அரசபக்திச் சேனை நகரத்தைப் பிடித்தது. கோட்டைகளுக்குள் எஞ்சியிருந்த குடியரசுக்காரருடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: உயிருக்கும் உடைமைக்கும் அபாயமில்லை, விரும்புவோர் கப்பலேறிப் பிரான்ஸுக்குச் செல்லலாம். ருப்போ கையொப்பமிட்டார், ருஷ்ய, துருக்கித் தளபதிகளுடன் பூட் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவரும் கையொப்பமிட்டார். ஜூன் 24-ஆம் தேதி வந்து சேர்ந்த நெல்ஸன், அந்த உடன்படிக்கை செல்லாது என்றான். ஒரு தரப்பார் அதை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தபின், மறு தரப்பார் செல்லாதென்பதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் இடமில்லை. கப்பலேறியிருந்தவர்கள் மீண்டும் இறக்கப்பட்டார்கள். அவர்களில் எலியனோராவும் ஒருவர். நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பிரபு குலத்தாருக்குரிய வாள் தண்டனையை அவர் கேட்டார். அதுவும் மறுக்கப்பட்டு, ஆகஸ்டு 20-ஆம் தேதி சந்தைச் சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டார்.

அரண்மனையின் பின்கதை நீண்டது, சுருக்கிவிடுகிறோம். 1860 அக்டோபர் முதல் தேதி கரிபால்டியின் வீரர்கள் போர்பன் சேனையை எதிர்த்து நின்ற களங்களில், மேலே சொன்ன கால்வாய்ப் பாலத்தடியும் ஒன்று. 1919-இல் மாளிகை அரசகுலத்தினிடமிருந்து ராஜாங்கத்துக்கு வந்தது. மகாயுத்தத்தில் நேசதேசத்தாரின் தலைமைப் பாசறை இங்கிருந்தது. இந்தியாவின் 4, 8, 10-ஆம் டிவிஷன்கள் இத்தாலியில் போர் புரிந்தன. 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இது ஏற்கப்பட்டது.

மறுநாட்காலை ரயிலுக்கு முன் நேபிள்ஸ் சந்தைச் சதுக்கத்துக்குப் போனோம். இரண்டு சிறுவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். எலியனோரா நடத்திய பத்திரிகை முப்பத்தைந்து இதழ்களே வெளிவந்தது. கடைசி இதழின் தேதி ஜூன் 8. ருப்போவின் சேனை நகரத்துள் புகுந்தது ஜூன் 13.