பல விளையாட்டுக் குழுக்களின் தலைமையும் தலைவரின் களைப்பும்

கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் இணையத்தின் வாயிலாகப் பலர் கூடி ஆடும் விளையாட்டுகள் இன்று பெருகியுள்ளன. இவற்றுள் பலவற்றில் ஆட்டக்காரர்கள் நிலையான குழுக்களாக அமைகின்றனர். அக்குழு ‘கில்டு’ என்றும் ‘கிளான்’ என்றும் வழங்கும். புதியவரைச் சேர்த்தல், ஆடும் நேரத்தை அறிவித்தல், பிணக்குகளைத் தீர்த்தல் ஆகியவை அதன் தலைவருடைய கடமைகள். இத்தகைய குழுக்கள் இரண்டு மூன்றுக்கு ஒருவரே தலைமை ஏற்கும்போது, பொழுதுபோக்காகத் தொடங்கியது பெருஞ்சுமையாக மாறுவதுண்டு. அச்சுமை எவ்வாறு உண்டாகின்றது, அதைக் குறைக்கும் வழி யாது என்பதை இளைஞர்களோடு பழகும் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் அறிந்திருத்தல் நலம்.

மட்டாஞ்சேரியில் இரு வகைக் குழுக்கள்

குழு அமைத்துக் காரியம் ஆற்றுவது கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரிக்குப் புதிதன்று. அங்குள்ள யூதர் தெருவில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயிலுக்கு உரிய செப்பேடுகள் புகழ்பெற்றவை. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் வழங்கிய அச்சாசனம், ஜோசப் ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் உரிமையையும் எழுபத்திரண்டு சிறப்புரிமைகளையும் அளிக்கின்றது. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு. அவ்வுரிமை ஒருவரிடமும் அவருடைய வழியினரிடமும் நிலைத்திருக்குமாறு சாசனம் வகுத்தது.

அதே ஊரின் தெருக்களில் இன்று இயங்கும் குடும்பஸ்ரீ குழுக்களின் அமைப்பு இதற்கு மாறானது. கேரள அரசு 1998-இல் தொடங்கிய இவ்வியக்கத்தில், பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்து ஓர் அயல்கூட்டம் ஆகின்றனர். அதன் பொறுப்பு ஒருவரிடம் குவிவதில்லை. தலைவர், காரியதரிசி ஆகியோருடன், வருவாய்ப் பெருக்கம், உடல்நலமும் கல்வியும், அடிப்படை வசதிகள் ஆகியவற்றிற்குத் தனித்தனியே ஒருவர் என ஐவர் பொறுப்பேற்கின்றனர். அயல்கூட்டங்களுக்கு மேல் வட்ட அளவிலும், அதற்கு மேல் உள்ளாட்சி அளவிலும் அமைப்புகள் உள்ளன. கீழ்த்தட்டில் பொறுப்பேற்றோரைக் கொண்டே மேல்தட்டுகள் அமைவதால், ஒரே பெண் ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகளில் கடமையாற்ற நேர்கின்றது. அவ்வாறு நேரும்போதும், கீழே மற்ற நால்வர் உடனிருப்பதால் அன்றாட வேலை தடைப்படுவதில்லை. விளையாட்டுக் குழுத் தலைவர் பலருக்கு இல்லாதது இந்த நால்வரின் துணையே.

சுமை பெருகும் கணக்கு

குழு பெரிதாகும்போது தலைவரின் சுமை அதே அளவில் கூடுவதில்லை. அதனினும் விரைவாகக் கூடுகின்றது. பத்துப் பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராக எண்ணினால் 45 இணைகள் உண்டு. இருபது பேரில் அது 190 ஆகும். ஐம்பது பேரில் 1,225 ஆகும். ஒவ்வோர் இணையும் நட்புக்கும் பிணக்குக்கும் இடமளிப்பது. ‘கிளாஷ் ஆப் கிளான்ஸ்’ என்னும் விளையாட்டில் ஒரு குழுவில் ஐம்பது பேர் வரை சேரலாம். ஐம்பதின்மர் கொண்ட இரு குழுக்களைத் தனியே நடத்துபவர் 2,450 இணைகளுக்கு நடுவே நிற்கின்றார்.

ஐம்பதின்மரைப் பத்துப் பேர் கொண்ட ஐந்து அணிகளாகப் பிரித்து, அணிக்கொரு பொறுப்பாளரை அமைத்தால் நிலைமை மாறும். ஒவ்வொரு பொறுப்பாளரும் தம் அணியின் 45 இணைகளைக் கவனிப்பார். தலைவர் ஐந்து பொறுப்பாளருடன் பேசினால் போதும். மேற்கூறிய விளையாட்டிலேயே தலைவருக்கு அடுத்த நிலையில் துணைத் தலைவர், மூத்த அங்கத்தினர் என்னும் பதவிகள் உள்ளன. ஆயினும் அவற்றைப் பட்டமாக மட்டும் வழங்கி, முடிவுகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் தலைவர் அவற்றால் பயன் பெறுவதில்லை.

களைப்பின் இயல்பு

1974-இல் அமெரிக்க உளவியலார் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையங்களில் பணியாற்றியோரிடம் கண்ட ஒருவகைச் சோர்வை ‘பர்ன்-அவுட்’ என்னும் பெயரால் விவரித்தார். மிகுந்த ஆர்வத்துடன் தொண்டு செய்ய வந்தோரே இதற்கு ஆளாயினர் என்பது கருதத்தக்கது. பின்னர் 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்கும் முறையை வெளியிட்டனர். உள்ளம் வறண்டு போதல், பிறரிடம் பரிவு குன்றுதல், தம் உழைப்பால் பயனில்லை என்று எண்ணுதல் ஆகிய மூன்றும் இதன் கூறுகள். உலகச் சுகாதார நிறுவனம் இதை நோயாகக் கொள்ளாமல், தொழில் சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியுள்ளது. விளையாட்டுக் குழுத் தலைமை ஊதியத் தொழில் அன்று. எனினும் ஓய்வின்றிப் பிறர் தேவையைக் கவனிக்கும் கடமை அதிலும் உள்ளமையால் அதே அறிகுறிகள் தோன்றக்கூடும்.

இதனை விளையாட்டு அடிமைத்தனத்துடன் குழப்பலாகாது. அதில் ஆட்டத்தின் மீதுள்ள கட்டுப்பாடு குலைந்து, தீமை நேர்ந்த பின்னரும் ஆட்டம் தொடர்கின்றது. களைத்த தலைவரோ பெரும்பாலும் ஆடுவதையே விட்டுவிடுகின்றார். மற்றவர் ஆடுவதற்காக விழித்திருக்கின்றார். “விளையாட்டை நிறுத்து” என்னும் அறிவுரை அவருக்குப் பொருந்துவதில்லை. “பொறுப்பை யாரிடம் பகிர்ந்தாய்?” என்னும் கேள்வியே பொருந்தும்.

உறக்கமும் கடிகாரமும்

மட்டாஞ்சேரி இளைஞர் ஒருவர் இரு குழுக்களை நடத்துகின்றார் எனக் கொள்வோம். ஒன்றில் அங்கத்தினர் ஐக்கிய அரபு நாட்டிலும், மற்றொன்றில் ஜெர்மனியிலும் உள்ளனர். துபாயில் இரவு 9 மணி என்பது கொச்சியில் 10.30 மணி. ஜெர்மனியில் குளிர்காலத்து இரவு 8 மணி என்பது கொச்சியில் நள்ளிரவு 12.30 மணி. இரண்டிற்கும் அவரே தலைமை ஏற்றால் உறங்கும் நேரம் முழுவதும் கழிந்துவிடும். வயது வந்தோருக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாமலும், 13 முதல் 18 வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது உறக்க ஆய்வாளர் முடிவு.

மேலும், ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றிற்குத் தாவுவோரின் கவனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகின்றது என்று 2009-இல் சோபி லெராய் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இரு குழுக்களின் செய்திகளை மாறிமாறிப் பார்ப்பவர் இரண்டிலும் முழுக் கவனம் செலுத்த இயலாமைக்கு இது ஒரு காரணம்.

கைக்கொள்ளத்தக்க முறைகள்

1. தலைவர் ஒரு வாரம் தாம் செய்யும் வேலைகளை எல்லாம் தாளில் எழுதுக. அவற்றுள் தாமே செய்தாக வேண்டியவை எவை, பிறர் செய்யக்கூடியவை எவை என்று பிரித்திடுக.

2. ஒரு குழுவிற்கு மட்டும் முதன்மைத் தலைவராக இருந்து, மற்றவற்றில் துணைத் தலைவராகவோ அங்கத்தினராகவோ இருத்தல் சிறந்தது.

3. எல்லாக் குழுக்களின் நேரத்தையும் ஒரே அட்டவணையில் குறித்து, உறங்கும் நேரத்தை முதலில் ஒதுக்கி, எஞ்சியதைப் பங்கிடுதல் வேண்டும்.

4. வராமை, வசைச்சொல் ஆகியவற்றிற்கான விதிகளை முன்னரே எழுதி அறிவித்தால், ஒவ்வொரு பிணக்கும் தலைவரிடம் வாராது.

5. தலைமைக்குக் கால வரம்பு வைத்தல் நன்று. குடும்பஸ்ரீயில் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறுகின்றது. விளையாட்டுக் குழுவிற்கு மூன்று திங்களே போதும்.

6. மாதம் ஒரு வாரம் தலைவர் விலகியிருந்து பார்த்தல் வேண்டும். அவ்வாரத்தில் குழு நின்றுபோகுமாயின், குறை அங்கத்தினரிடம் இல்லை. பொறுப்புப் பங்கீட்டில் உள்ளது.

ஆசிரியரும் கள ஊழியரும் செய்யத்தக்கது

காலை வகுப்பில் தூங்கி விழுதல், சிறு செய்திக்கும் எரிச்சல் கொள்ளுதல், முன்பு விரும்பிய குழுவைப் பற்றியே வெறுப்புடன் பேசுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் கண்டித்தல் பயன் தராது. ஐம்பது பேரை ஒழுங்குபடுத்தும் திறன் அம்மாணவரிடம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர் மேற்கூறிய பட்டியலை அவருடன் அமர்ந்து எழுதுதல் நலம். துயரம் நீடிக்குமாயின், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அணுகலாம்.

பள்ளி மன்றம், கூட்டுறவுச் சங்கம், இளைஞர் குழு எனப் பலவற்றை ஒருங்கே தாங்கும் ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் இம்முறைகள் பொருந்தும். தாம் இல்லாத நாளிலும் குழு நடைபெறுமாறு அமைப்பதே தலைவரின் முதற் கடமை. அவ்வாறு அமைத்தவருக்கே ஓய்வும் கிடைக்கும்.