இருமாத புரை

சாப்பிடும்போது யாருக்காவது புரை ஏறினால் உச்சந்தலையில் ரெண்டு தட்டு தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்போம். ராயபுரத்திலும் அதே கதைதான், எண்ணூரிலும் அதேதான். நினைத்தது யாரோ, அந்த இருமல் மட்டும் நல்லதுக்குத்தான். மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிதவறிய பருக்கையை உடம்பு வெளியே தள்ளுகிறது.

பயப்பட வேண்டியது இருமாத புரைக்கு. பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ வந்தவர்கள், தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள் சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சி மழுங்கிவிடும். தாத்தா டீயில் பொறையை நனைத்துச் சாப்பிடுகிறார். இருமலே இல்லை, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் டீ சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். பொறை நனைந்த டீ கொஞ்சம் பொல்லாதது: மெல்ல வேண்டியதும் ஓடுவதும் ஒரே வாயில் வரும். கொஞ்ச நாளில் காய்ச்சல், பிறகு நிமோனியா. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் மருத்துவர் கண்ணுக்கும் இது தப்பிவிடும்.

அதனால்தான் எக்ஸ்ரே வீடியோ. நோயாளியைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, பேரியம் சல்பேட் கலந்த தண்ணீர், கூழ், பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். பேரியம் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் அது போகும் பாதை திரையில் தெளிவாகத் தெரியும். இந்தப் பேரியத்தின் மூலத் தாதுவான பேரைட்டு, நம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய சரக்குதான். ஆந்திராவின் மங்கம்பேட்டையில் அதற்குப் பெரிய சுரங்கம் உண்டு. எண்ணெய்க் கிணறு தோண்டப் போகும் அதே தாதுவைச் சுத்திகரித்தால் மருந்து.

தொண்டையில் நடக்கும் வேலை ஏறக்குறைய ஒரு நொடியில் முடிந்துவிடும். வீடியோவில் நொடிக்கு 30 படங்கள். சில சமயம் அந்த முப்பதில் ஒன்றிரண்டில்தான் குரல்நாண்களுக்குக் கீழே பேரியம் கோடு போட்டிருக்கும். ஒரே வீடியோவைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் நடக்கும். எல்லோரும் ஒரே மாதிரி மதிப்பிட, 1996-ல் ரோசன்பெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1 முதல் 8 வரை ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். 1 என்றால் மூச்சுவழிக்குள் எதுவும் போகவில்லை. 8 என்றால் குரல்நாண்களைத் தாண்டி உள்ளே போயும் உடம்பு அதைத் தள்ள முயலவில்லை. நம் இருமாத புரை அதுதான்.

மென்பொருள் வருவது இங்கே. விழுங்கல் எந்தப் படத்தில் தொடங்கி எதில் முடிகிறது, நாக்கின் அடியில் குதிரை லாடம்போல் இருக்கும் ஹையாய்டு எலும்பு எவ்வளவு ஏறியது, உணவுக்குழாயின் வாசல் எவ்வளவு திறந்தது, விழுங்கிய பிறகு தொண்டையில் எவ்வளவு தங்கியது என்று அது அளக்கிறது. நெட்டையரையும் குட்டையரையும் ஒப்பிட வேண்டுமே! அதற்கு அவரவர் கழுத்து எலும்பே அடிக்கோல். முன்பெல்லாம் மனிதர்கள் ஒவ்வொரு படமாக நிறுத்தி, மவுஸால் புள்ளி வைத்துச் செய்த வேலை இது. அப்படிப் புள்ளி வைத்த படங்களை ஏராளமாகக் காட்டித்தான் கணினியைப் பழக்குகிறார்கள்.

அளப்பதில் கணினிக்கு அலுப்பு கிடையாது. ஏமாறும் இடம் மட்டும் உண்டு. தாடை எலும்பின் நிழல் ஹையாய்டை மறைக்கும், தோள் குறுக்கே வரும், நோயாளி தலையைத் திருப்புவார். நொடிக்கு 15 படம்தான் எடுத்திருந்தால், நடுவில் நழுவியதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. புட்டிங்கையும் பிஸ்கட்டையும் பார்த்தே பழகிய மென்பொருள் நம் இட்லியில் எப்படி இருக்கும் என்பதையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். என் கணக்கில் மென்பொருள் நல்ல அளவுகோல். தீர்ப்பு சொல்ல விழுங்கல் சிகிச்சையாளர் வேண்டும்.

அவர் அதே அறையில் இன்னொரு வேலையும் செய்வார். "மோவாயை நெஞ்சோடு சேர்த்து விழுங்குங்க ஐயா" என்பார். சிலருக்கு அந்த ஒரு மாற்றத்தில் கோடு உள்ளே போகாமல் நின்றுவிடும். நிற்காவிட்டால் பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுத்துப் பார்ப்பார். கெட்டியாக்கிய டீயைக் குடிக்க மனசு வருமா என்பதைத் தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும்.