லாட்ஜில் மூட்டைப்பூச்சியா? புகாரை நம்புவதா, வேண்டாமா?

இன்டர்வியூ, ஆஸ்பத்திரி, கோர்ட்டு வாய்தா என்று வெளியூரிலிருந்து எழும்பூரிலும் சென்ட்ரலிலும் வந்து இறங்குவோர் முதலில் தேடுவது லாட்ஜ். "அந்த லாட்ஜா? ஐயையோ, மூட்டைப்பூச்சி மொய்க்குது சார்!" என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓட்டம்தான்.

சொன்னவர் பார்த்தாரா? கேள்விப்பட்டாரா? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனால் ரைட்டர் என்ன கேட்பார்? எங்கே நடந்தது, எப்போது, யார் பார்த்தது, தடயம் என்ன? மூட்டைப்பூச்சி புகாருக்கும் இதே நாலு கேள்விதான்.

கடி சாட்சி ஆகாது!

"உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு, பாருங்க" என்று கையை நீட்டுவார்கள். கொசு கடித்தாலும் தடிக்கும். சோப்பு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தடிக்கும். தடிப்பை மட்டும் பார்த்து இது மூட்டைப்பூச்சிதான் என்று டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிலருக்குக் கடித்த மறுநாளே தடிப்பு வரும். சிலருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். திங்கட்கிழமை மதுரையில் கடி வாங்கியவர், வெள்ளிக்கிழமை திருவல்லிக்கேணியில் சொறிந்துகொண்டு எழுந்தால் பழி யார் மேல்? சென்னை லாட்ஜ் மேல்தான்!

சிலருக்கு எத்தனை கடித்தாலும் ஒன்றுமே தெரியாது. எனவே "நான் நாலு நாள் தங்கினேன், ஒரு பூச்சியும் இல்லை" என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

"கண்ணால பார்த்தேன்"

பார்த்தது மூட்டைப்பூச்சிதானா? மரக்கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டிய பெரியவர்களுக்கு அதன் முகம் தெரியும். இந்தக் கால இளவட்டங்களில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பயணிகளிடம் பூச்சிப் படங்களைக் காட்டி மூட்டைப்பூச்சி எது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 10 பேரில் 4 பேர்கூட இல்லை!

அடையாளம் இதுதான்: வளர்ந்த பூச்சி சுமார் அரை சென்டிமீட்டர். தட்டை உடம்பு, பழுப்பு நிறம். பறக்காது, குதிக்காது. "பறந்து வந்து கடிச்சுது" என்று யாராவது சொன்னால் அந்தப் புகாரைத் தள்ளிவிடலாம்.

பாரீஸில் நடந்த கூத்து

2023-ல் பாரீஸ் நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. ரெயிலில் பூச்சி, மெட்ரோவில் பூச்சி என்று ஒரே கூப்பாடு. அந்த அக்டோபரில் போக்குவரத்து மந்திரி கிளெமான் போன் கணக்கு சொன்னார். மெட்ரோ நிர்வாகத்துக்கு வந்த புகார் சுமார் 10. ரெயில்வேக்கு வந்தது 37. சோதித்துப் பார்த்ததில் ஒன்றுகூட நிரூபணம் ஆகவில்லை! ரஷ்யத் தொடர்புள்ளவர்கள் பீதியை ஊதிப் பெரிதாக்கினார்கள் என்று 2024 மார்ச்சில் இன்னொரு மந்திரி குற்றம் சாட்டினார்.

அதற்காகப் பிரான்சில் பூச்சியே இல்லை என்று அர்த்தமல்ல. 2017 முதல் 2022 வரை 10 வீடுகளில் ஒன்றுக்கு மேல் பூச்சித் தொல்லை இருந்ததாக அந்நாட்டு அரசு அமைப்பே சொன்னது. பொய்ப் புகாரும் உண்டு, நிஜப் பூச்சியும் உண்டு. பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது சாமர்த்தியம்.

யாருக்கு லாபம்?

"வேற நல்ல லாட்ஜ் காட்டறேன், வாங்க" என்று புகாரோடு சேர்த்து வழியும் காட்டுகிறாரா? கமிஷன் இருக்கலாம், உஷார்! பில் தகராறில் வெளியேறியவர் சொல்வதையும், எதிர்க்கடைக்காரர் சொல்வதையும் பாதியாகக் குறைத்துக் கொள்ளுங்கள். வாடகை குறைவு என்பதாலேயே சந்தேகப்படவும் வேண்டாம். பூச்சி பெட்டி படுக்கையோடு வருகிறது. நட்சத்திர ஓட்டலுக்கும் அப்படித்தான் போகிறது.

எதை நம்பலாம்?

ரூம் நம்பர், தேதி சொல்லி, "மெத்தைத் தையலில் கருப்புப் புள்ளி, உரித்த தோல், உயிரோடு ரெண்டு பூச்சி" என்று விவரமாகச் சொன்னால் நம்பலாம். முன்பின் தெரியாத இரண்டு பேர் அதே ரூமைச் சொன்னால் கேஸ் வலுவானது. பக்கத்து ரூமும் வேண்டாம். சுவர் ஓட்டை, ஒயர் குழாய் வழியாகப் பூச்சி போய்விடும்.

"மருந்து அடிச்சாச்சு சார்" என்று மானேஜர் சொன்னால், எத்தனை தடவை என்று கேளுங்கள். ஒரு தடவை போதாது. மருந்துக்குத் தப்பிய முட்டை ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்துவிடும். "ஒரு வாரமா ரூம் பூட்டித்தான் கிடக்கு" என்பதும் செல்லாது. ஒரு வாரப் பட்டினியில் பூச்சி சாகாது.

அட்வான்ஸ் கட்டும் முன் 5 நிமிடம்

ரூமைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் பாத்ரூம் தரையில் வையுங்கள். விரிப்பைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் மெத்தையின் நாலு மூலைத் தையல், கட்டிலின் தலைமாட்டுப் பலகை இடுக்கு, சுவர் விரிசல் எல்லாம் பாருங்கள். கருப்புப் புள்ளி இருந்தால் ஈரத் துணியால் தேயுங்கள். துரு நிறத்தில் இழுவினால் பூச்சியின் எச்சமாக இருக்கலாம், அந்த ரூம் வேண்டாம்.

ஒன்றும் சிக்கவில்லையா? யாரோ சொன்னதற்காக ராத்திரி 11 மணிக்குக் குழந்தை குட்டியோடு தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் படுங்கள்!