லயத்து வீட்டுக்கு இன்டர்நெட்: கையெழுத்துக்கு முன் ஒரு வார்த்தை

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டம். சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது, மேட்டு லயத்து அண்ணன் ஒருவர் கையில் தாளோடு ஓடி வந்தார். "தம்பி, இதுல கையெழுத்து போடலாமா? நாளைக்கு அந்தப் பையன் வந்துடுவான்" என்றார். வாங்கிப் பார்த்தேன். வீட்டு இன்டர்நெட்டுக்கான மனு. மாதம் 100 வெள்ளி. ஒப்பந்தம் 24 மாதம்.

"அண்ணே, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். இன்டர்நெட்டுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் முழித்தார். அம்பத்தொம்பது ஆகிவிட்டதாம். நம் நாட்டில் 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இவர் தோட்டத்தில் அந்த வயதோடு சீட்டுக் கிழித்துவிடுவார்கள். வேலை முடிந்தால் வீடும் நிர்வாகத்துக்கே போய்விடும். அப்புறம் மிச்சமிருக்கும் ஒரு வருடத்துக்கு யார் வீட்டு இன்டர்நெட்டுக்கு இவர் காசு கட்டுவது? இடையில் நிறுத்தினால் அபராதம் என்று அந்தத் தாளின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.

பாட்டாளி அன்பர்களே, இன்டர்நெட் ஆடம்பரம் என்று சொல்லும் காலம் மலையேறிவிட்டது. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதா? அதே ஆண்டில் சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி அலைவரிசை கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி இருந்ததை நாடே பார்த்தது. நம் பிள்ளைகள் மரம் ஏறவில்லை, தண்ணித் தாங்கி மேட்டில் ஏறினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அண்ணனின் மகளுக்கும் எஸ்.பி.எம். வருடம். ஆக, வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எதை வாங்குவது என்பதே கேள்வி.

இருப்பதில் நல்லது கண்ணாடியிழைக் கம்பிதான். அதில் மின்சாரம் அல்ல, வெளிச்சம் ஓடுகிறது. பழைய செம்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனாலே வேகம் செத்துவிடும். இதில் அந்தக் கோளாறு இல்லை. டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை 2010-ல் வந்தது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பட்டணத்து வீடுகளுக்கு இதெல்லாம் பழங்கதை. நமக்கோ பெரிய சடக்கு வரை கம்பி வந்து நின்றுவிடுகிறது. சடக்கிலிருந்து லயம் வரை இரண்டு பக்கமும் செம்பனை, அது கம்பெனி நிலம். நிர்வாகம் சம்மதிக்காமல் அங்கே ஒரு கம்பம்கூட நட முடியாது. அதோடு, விண்ணப்பத்தில் கேட்கும் முகவரி வேறு தகராறு. நம் லயத்துக்கு எண் உண்டு, அவர்கள் கணினியில்தான் அது இல்லை.

இதைத் தனி ஆள் கேட்டு நடக்காது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தில், அதாவது 446-ஆம் சட்டத்தில், தண்ணீரும் மின்சாரமும் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இன்டர்நெட் அதில் இல்லை. ஒரு காலத்தில் மின்சாரமே நமக்குக் கனவாக இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். பாடம் பாதியில் நிற்கும். அன்றைக்கும் கேட்டுத்தான் வாங்கினோம். ஒரு வீடு கேட்டால் சேவைக் கம்பெனிக்கு அது செலவு. முப்பது வீடு சேர்ந்து கேட்டால் அது வியாபாரம். மனுவை நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள், சேவைக் கம்பெனிக்கும் அனுப்புங்கள், தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். 2020-ல் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்துக்கு அந்த ஆணையம் ஒரு வரைபடமே வைத்திருக்கிறது. உங்கள் இடத்தில் என்ன சேவை உண்டு என்று அதில் பார்க்கலாம்.

கம்பி வரும் வரைக்கும்? சிம் அட்டை போட்ட 4ஜி பெட்டிதான் நம்மில் பெரும்பாலோருக்கு வழி. இங்கேதான் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தவன்தான், கதையைக் கேளுங்கள். சில வருடத்துக்கு முன் பாசார் மாலாமில் குடை விரித்திருந்த ஒரு கம்பெனிக்காரனிடம் கையெழுத்துப் போட்டேன். சந்தைத் திடலில் படம் பறந்தது. வீட்டில் கொண்டுவந்து வைத்தால் வட்டம்தான் சுற்றியது. சுற்றிய வட்டத்துக்கு வருடக்கணக்கில் காசு கட்டினேன். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் படித்துக் காட்டுகிறவன், என் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. என் வீட்டுக்காரி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆகவே முதலில் முன்கட்டண சிம் ஒன்று வாங்குங்கள், இல்லையேல் பக்கத்து வீட்டுத் தம்பியின் ஹேண்ட்போனை இரவல் கேளுங்கள். பகலில் பார்க்காதீர்கள், எல்லாரும் வெளிக்காட்டில் இருக்கும்போது கோபுரம் சும்மாதான் இருக்கும். ராத்திரி எட்டுக்கும் பத்துக்கும் நடுவில், லயமே ஹேண்ட்போனும் கையுமாக இருக்கும்போது சோதித்துப் பாருங்கள். நடுவீட்டில் ஒரு தடவை, அடுப்பங்கரையில் ஒரு தடவை, ஜன்னலோரம் ஒரு தடவை. தகரக் கூரை அலையை மறிக்கும். வளர்ந்த செம்பனையும் மறிக்கும். கோபுரம் இருக்கும் திசைப் பக்கத்து ஜன்னலில் வைத்தால் அதே பெட்டி வேறு பெட்டிபோல் வேலை செய்யும். ஒரே தோட்டத்தில் மேட்டு லயத்துக்கு ஒரு கம்பெனி, பள்ளத்து லயத்துக்கு வேறு கம்பெனி நல்லதாக இருக்கும். மருமகன் சொன்னான், மச்சான் சொன்னான் என்று வாங்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 100, 300 என்று பெரிய எண்ணாகக் காட்டி ஆசை காட்டுவார்கள். பிள்ளை ஒளிக்காட்சியில் பாடம் பார்க்க நாலைந்து எம்.பி.பி.எஸ். போதும். மூன்று பிள்ளை இருக்கும் வீட்டுக்கு 30 தாராளம். 'வரையில்லா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், எவ்வளவு ஜி.பி.க்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்று கேளுங்கள். வாயால் சொன்னால் பத்தாது, எழுத்தில் வாங்குங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மாதம் நூறு வெள்ளி என்றால் இரண்டு வருடத்தில் 2,400 வெள்ளி போகிறது. கம்பி எட்டும் இடத்தில் இருப்பவர்கள், 2023-ல் அரசாங்கம் கொண்டுவந்த ஒற்றுமைத் திட்டத்தை விசாரித்துப் பார்க்கலாம். 30 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு 69 வெள்ளி என்று அறிவித்தார்கள். யார் யாருக்குக் கிடைக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு.

ஸ்டார்லிங்க் என்ற விண்கோள் சேவையும் 2023-ல் வந்துவிட்டது. வானம் திறந்திருந்தால் எங்கேயும் கிடைக்கும். ஆனால் தொடங்கியபோது தட்டு மட்டும் 2,300 வெள்ளி, மாதம் 220. தண்டலுக்கே எட்டாது. பத்து வீடு சேர்ந்து வாங்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். யார் பெயரில் பதிவோ அவர் தலையில்தான் எல்லாம் விழும், தம்பி.

இன்னொன்று, இடி. நம் பக்கத்து மழைக்கால இடி தெரியாதா? வானம் கறுத்தால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடியிழையில் மின்னல் வராது. ஆனால் கரண்டு வழியாக வந்து பெட்டியைக் கருக்கிவிடும். கருகிப்போன பெட்டிக்கும் உங்களிடம்தான் காசு கேட்பார்கள்.

அந்த அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. முன்கட்டண சிம் ஒன்று வாங்கிச் சோதித்தோம். அடுப்பங்கரை ஜன்னலில்தான் நன்றாக இழுத்தது. பழைய பெட்டி ஒன்றும் கிடைத்தது. மாதா மாதம் காசு போட்டால் போதும், ஒப்பந்தம் கிடையாது. மகள் இப்போது அடுப்பங்கரையில் மேசை போட்டுப் படிக்கிறது. சமைக்க இடமில்லை என்று அண்ணி என்னைத்தான் திட்டுகிறார். கம்பி கேட்டு 31 வீட்டார் கையெழுத்துப் போட்ட மனு நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இதே பகுதியில் எழுதுகிறேன்.