மார்கழிப் பறவைகள்: எங்கே நின்று, எதைப் பார்ப்பது?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்கிற கூட்டத்தில் ஒருவராவது இப்படிச் சொல்லக் கேட்கலாம்: "இதெல்லாம் சைபீரியாவிலிருந்து குஞ்சு பொரிக்க இங்க வருது." சைபீரியாவிலிருந்து பறவைகள் வருவது உண்மை. ஏரியில் குஞ்சு பொரிப்பதும் உண்மை. ஆனால் வருகிறவை வேறு, குஞ்சு பொரிப்பவை வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால், ஐப்பசி முதல் மாசி வரை தமிழ்நாட்டில் எங்கே போனால் எதைப் பார்க்கலாம் என்பதில் பாதி விளங்கிவிடும்.

கூடு கட்டுபவை, கூடு கட்டாதவை

வேடந்தாங்கலில் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. தண்ணீர் இருக்கும் இடம் தேடி நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்புகிறது; மீனும் தவளையும் நத்தையும் பெருகுகின்றன; குஞ்சுகளுக்கு இரை கிடைக்கிறது. அதனால்தான் பனிக்காலத்தில் இங்கே கூடு கட்டுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் ஏரி வெறிச்சோடிக் கிடப்பதும் இதனால்தான்.

கண்டம் தாண்டி வருபவை இன்னொரு கூட்டம்: நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, பல வகை உள்ளான்கள், வாலாட்டிகள், கதிர்க்குருவிகள், தகைவிலான். ஆர்க்டிக் கரையிலும் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் இமயமலையிலும் கோடையில் குஞ்சு பொரித்து முடித்துவிட்டு, அங்கே பனி மூடுவதற்குள் தெற்கே வருகின்றன. இங்கே இவற்றுக்கு வேலை இரண்டுதான்: உண்பது, இறகு மாற்றிக்கொள்வது. இவற்றின் கூட்டை இங்கே தேடிப் பயனில்லை.

வரும் வழிக்கு மத்திய ஆசியப் பறவைப்பாதை என்று பெயர். 30 நாடுகளை அது தொடுகிறது. பட்டைத்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தது கருவிகளால் பதிவாகியிருக்கிறது. அந்த வாத்தைத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பார்க்கலாம். ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக் பகுதியிலிருந்து கோடியக்கரைச் சேற்றுக்கு வந்து சேர்கிறது.

உள்ளான்கள் ஆவணி வாக்கிலேயே வரத் தொடங்கிவிடும். வாத்துகள் பெரும்பாலும் ஐப்பசிக்குப் பிறகு. பங்குனியில் பெரும்பாலானவை திரும்பிவிடும். நடுவில், கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை, பார்ப்பவருக்கு நல்ல காலம்.

நிறத்தை நம்பாதீர்கள்

புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர் முதலில் கவனிப்பது நிறத்தை. பனிக்காலத்தில் அது ஏமாற்றும். வந்திருக்கும் உள்ளான்களில் பல, இனப்பெருக்க காலத்துச் செம்மையையும் கருமையையும் களைந்து சாம்பலும் பழுப்புமாக இருக்கும். வாத்துகளிலும் பருவத் தொடக்கத்தில் ஆண் பெண்போலவே மங்கலாகத் தெரியும். புத்தகத்தில் இருக்கும் பளிச்சென்ற படத்தோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது.

எனவே கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே நிற்கிறது? என்ன செய்கிறது? அலகு எப்படி இருக்கிறது? உடம்பு மைனா அளவா, காக்கை அளவா? நிறம் கடைசியில் வரட்டும். இந்த வரிசையைப் பழகுவதற்கு ஊர் ஏரியைவிட நல்ல இடம் இல்லை.

ஏரியை ஆழம் பார்த்துப் படிப்பது

ஏரியில் பறவைகள் கண்டபடி கலந்து நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் ஒரே பந்தியில் ஆளுக்கொரு இலை போட்டதுபோல, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழம் உண்டு.

மதகை ஒட்டிய ஆழமான நீரில் மூழ்கி மீன் பிடிப்பவை இருக்கும்: நீர்க்காகம், முக்குளிப்பான். கூழைக்கடா மூழ்காது, மிதந்தபடியே பையலகால் மீனை அள்ளும். ஏரி நடுவில், கரையிலிருந்து எட்டாத தூரத்தில், கூட்டமாக அசையாமல் மிதப்பவை வாத்துகள். வலசை வாத்துகளில் பல பகலில் ஓய்வெடுத்து இரவில் மேய்வதால், காலையில் போனால் அவை தூங்குவதைத்தான் பெரும்பாலும் பார்ப்போம். அவற்றுக்கிடையே கறுத்த உடலும் நெற்றியில் வெள்ளைத் திட்டுமாக இருப்பது நாமக்கோழி. அது வாத்து இனமே இல்லை.

முழங்கால் ஆழ நீரில் நாரைகளும் கரண்டிவாயன்களும் நடக்கும். கரண்டிவாயன் அலகைப் பாதி திறந்து பக்கவாட்டில் வீசி வீசி நடப்பதை ஒரு தடவை பார்த்தவர் பிறகு மறப்பதில்லை. கணுக்கால் ஆழத்தில் செந்நிறக் கால்களோடு நெடுங்கால் உள்ளான் நிற்கும். நீர் வற்றிய சேற்று விளிம்புதான் வலசை உள்ளான்களின் இடம். அங்கே ஓடி நின்று, ஓடி நின்று கொத்துவது பட்டாணி உள்ளான். தலை நிமிராமல் தையல் இயந்திர வேகத்தில் கொத்திக்கொண்டே போவது கொசு உள்ளான். பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தனியாகக் கரையோரம் நடப்பது சாதா உள்ளான். மூன்றும் ஏறத்தாழ ஒரே நிறம். நடையைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள கணக்கு கிடைக்கிறது. ஏரி கரைமுட்ட நிரம்பியிருந்தால் சேறு இருக்காது, உள்ளான்களும் இருக்காது. தை பிறந்து நீர் இறங்க இறங்கச் சேறு வெளிப்படும். அப்போது வகைகள் கூடும். நிரம்பிய ஏரியைப் பார்த்து ஏமாந்தவர் அதே ஏரிக்குத் தை மாதக் கடைசியில் மறுபடி போய்ப் பார்க்கலாம்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். கிழக்கு நோக்கிச் சரியும் நம் சமவெளியில் பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கிறது. காலையில் கரைமேல் நின்றால் வெளிச்சம் தானாகவே சரியாக அமையும். ஆழம் குறைந்த பகுதி எதிர்க்கோடியில் இருக்கும். அங்கே போக வேண்டுமென்றால் மாலையில் போங்கள்.

வயல், தரிசு, மின்கம்பி

ஏரிக்குப் போகும் வழியும் பார்க்க வேண்டியதுதான். நாற்று விட்ட வயலில் மஞ்சள் வாலாட்டிகளும் பொரி உள்ளான்களும் இருக்கும். மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் பிளவுவால் பறவைகள் தகைவிலான்கள். அதே கம்பியில் கழுத்தை நீட்டி உட்கார்ந்து, பறந்துபோய்த் தும்பியைப் பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்புவது பஞ்சுருட்டான். அதில் பச்சைப் பஞ்சுருட்டான் ஆண்டு முழுதும் இருப்பது. உருவில் பெரிய நீலவால் பஞ்சுருட்டான் பனிக்காலத்து வரவு.

முள்மரத்தின் உச்சிக் கொம்பில், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு தனியாக உட்கார்ந்திருப்பது பழுப்புக் கீச்சான். திறந்த புல்வெளிமேல் தாழ்வாக, இறக்கைகளை ஆங்கில 'வி' வடிவில் தூக்கிப் பிடித்து மிதந்து வருவது பூனைப்பருந்து. தென்மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் மாலையில் வானத்தில் ஒரு கூட்டம் சுருண்டு விரிந்தால் அவை சூறைக்குருவிகளாக இருக்கலாம். இளஞ்சிவப்பு உடலும் கறுத்த தலையும் கொண்ட இந்த மைனா இனப் பறவை மத்திய ஆசியாவிலிருந்து வந்து, பகலில் சோளக்காட்டிலும் பழமரங்களிலும் பிரிந்து மேய்ந்து, இரவடைய ஒன்றாகக் கூடுகிறது.

வீட்டிலிருந்தே

வெளியே போக முடியாதவர்களுக்கும் இந்தப் பருவம் குறை வைப்பதில்லை. வேலிச் செடிக்குள்ளிருந்து யாரோ நாக்கைத் தட்டுவதுபோல் 'செக்… செக்…' என்ற ஒலி காலை முழுதும் வந்தால், பெரும்பாலும் அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. கண்ணில் படுவது அரிது, காதில் படுவது தினமும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரையான நிலத்தில் பிறந்து, நம் செம்பருத்தி வேலிக்குள் ஆறேழு மாதம் தங்குகிறது. மரம் அடர்ந்த தெருவில் மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் தென்படலாம். குயில் இந்த மாதங்களில் பெரும்பாலும் அடங்கியிருப்பதால் மற்றக் குரல்களைக் கேட்பது எளிது.

ஆறுமணிக் குருவியின் வரவு சற்றே அவசரமானது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசியில் தெற்கே வருகிறது. இரவில் பறந்து களைத்து, நகர விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறி, பால்கனியிலோ மாடிப்படியிலோ விழுந்து கிடப்பது உண்டு. அப்படிக் கிடைத்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து ஓரிரு மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். தெளிந்ததும் மரநிழல் உள்ள இடத்தில் திறந்துவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பறவைக்கு அரிசி வைக்க வேண்டுமா? வலசை வரும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை பூச்சி உண்பவை. மழை முடிந்த தோட்டத்தில் அவற்றுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. அரிசிக்கு வருவது காகமும் புறாவும் அணிலும்தான். பூச்சிமருந்து அடிக்காத ஒரு வேலி, பூக்கிற முருங்கை, உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காத ஒரு மூலை இருந்தால் போதும். தண்ணீர் வைப்பதானால் இரண்டு விரற்கடை ஆழமுள்ள மண்தட்டில், நிழலில், தினமும் கழுவி வையுங்கள்.

கருவியும் குறிப்பும்

இருகண்நோக்கி வாங்குபவருக்கு 8x42 போதும். 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்வில்லையின் அகலம், மில்லிமீட்டரில். உருப்பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் கூடித் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கருவியை உயர்த்தப் பழகுங்கள். புத்தகத்துக்கு, சாலிம் அலியின் ஆங்கில நூல் 1941 முதல் வந்துகொண்டிருக்கிறது, தமிழில் க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' உதவும்.

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், இடம், எத்தனை பறவைகள், என்ன செய்தன. பெயர் தெரியாவிட்டால் இந்த விவரங்களே பிறகு பெயரைக் கண்டுபிடிக்க உதவும். காலில் வளையமோ எழுத்துப் பொறித்த வண்ணப் பட்டையோ இருந்தால் அதன் நிறத்தையும் எழுத்தையும் குறித்து, படம் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் அவர்கள் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். ஒரே பறவை ஆண்டுதோறும் அதே தோட்டத்துக்கும் அதே கரைக்கும் திரும்புகிறது என்பதெல்லாம் இத்தகைய வளையங்களால் தெரிந்ததுதான்.

தள்ளி நிற்பது

படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது விளையாட்டல்ல. வலசைப் பறவை இங்கே சேர்க்கும் கொழுப்புதான் திரும்பிப் போவதற்கான எரிபொருள். ஒவ்வொரு வீண் பறத்தலும் அதில் கைவைக்கிறது. பறவை மேய்வதை நிறுத்தித் தலைநிமிர்ந்து உங்களைப் பார்த்தால், அதற்கு மேல் நெருங்காதீர்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், கூட்டருகே போவதும் வேண்டாம்.

இந்தப் பாடத்தை நாம் நம் ஊர்களிடமே கற்கலாம். வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடவிடாமல் காக்க உரிமை கேட்டு 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஆவணம் பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கூட்டுப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

தொடங்க ஒரு நாள்

எப்போது தொடங்குவது என்று தயங்குபவர்களுக்குப் பொங்கல் வசதியான நாள். 2015 முதல் பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். எந்த இடத்திலும், மொட்டைமாடியில்கூட, குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த வகைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் என்ற இலவசச் செயலியில் ஏற்ற வேண்டும். பிப்ரவரி நடுவில் உலகம் முழுதும் இதேபோல் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. அரிய பறவை எதுவும் படவில்லையே என்று பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். ஒரு வகை பெருகுகிறதா குறைகிறதா என்று கணிப்பவர்களுக்கு ஒரு நாள் தென்பட்ட அரிய பறவையைவிட, பல இடங்களிலிருந்து ஆண்டுதோறும் வரும் சாதாரணப் பட்டியல்களே அதிகம் உதவும். அந்தப் பட்டியலில் காகத்தையும் மைனாவையும் எண்ணி எழுதுவது கட்டாயம்.