அமுதாவுக்கு யார் கையெழுத்திடுவது?

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

விடுமுறை நாட்களில் தொலைக்காட்சியில் அடிக்கடி வரும் படங்களுள் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஒன்று. 2002ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளிவந்தது. மணிரத்னம் இயக்கிய இப்படம் அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் ஆறினைப் பெற்றது. அமுதாவாக நடித்த கீர்த்தனா சிறந்த குழந்தை நட்சத்திரம் என்ற விருதைப் பெற்றார். பாரதியார் கண்ணம்மாவைக் குழந்தையாக எண்ணிப் பாடிய பாட்டிலிருந்து படத்தின் பெயரை எடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகளே. ஆனால் இப்படத்தை நன்கு புரிந்துகொள்ள வேண்டுமானால் சட்டத்தையும் சரித்திரத்தையும் சிறிதாவது அறிந்திருக்க வேண்டும். அவற்றை எனக்குத் தெரிந்த அளவில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் கதை. இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள மாங்குளம் என்ற ஊரில் சியாமா என்ற பெண்ணுக்குத் திருமணம் நடக்கிறது. போரில் கணவனைப் பிரிந்து, கர்ப்பிணியாக, படகேறி இராமேசுவரம் வருகிறாள். அகதி முகாமில் ஒரு பெண் குழந்தையைப் பெறுகிறாள். கணவன் காயம்பட்டுக் கிடக்கிறான் என்ற செய்தி வந்ததும் குழந்தையை இங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள். அந்தக் குழந்தையைக் கண்டு மனம் இளகிய திருச்செல்வன் என்ற எழுத்தாளர் அதைத் தம் மகளாக்கிக்கொள்ள விரும்புகிறார். மணமாகாத ஆணிடம் பெண் குழந்தையைக் கொடுக்க இயலாது என்று மறுக்கிறார்கள். அவர் இந்திரா என்ற பெண்ணை மணந்துகொள்கிறார். இருவருமாகக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பின்னர் அவர்களுக்கு இரண்டு ஆண் குழந்தைகளும் பிறக்கின்றனர். மூத்தவளாக வளரும் அமுதாவிடம் அவளது ஒன்பதாவது பிறந்த நாளன்று உண்மையைச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து அவள் பெற்றவளைத் தேடத் தொடங்குகிறாள்.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நம் ரேங்க் கார்டின் அடியில் ‘பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்தச் சாய்கோட்டின் இரு பக்கங்களும் ஒன்றே என்று நாம் நினைத்துக்கொண்டு, யார் கையெழுத்து கிடைக்கிறதோ அதை வாங்கி வந்துவிடுகிறோம். எங்கள் வகுப்பிலேயே பெற்றோர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பதால் அப்பத்தாவிடம் கைரேகை வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து கையெழுத்திடுபவர் என் பெரியம்மா. ஆகவே இந்தச் சாய்கோடு எனக்குச் சிறிய விஷயம் அல்ல. பெற்றோர் வேறு, பாதுகாவலர் வேறு என்றுதான் சட்டம் சொல்கிறது.

நம் நாட்டில் பாதுகாவலர் பற்றிய பழைய சட்டம் ஆங்கிலேயர் காலத்தில், 1890ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இச்சட்டப்படி நீதிமன்றம் ஒருவரை ஒரு சிறுவருக்கோ சிறுமிக்கோ பாதுகாவலராக நியமிக்கலாம். அவர் பிள்ளையைப் பேண வேண்டும். பிள்ளைக்குச் சொத்து இருந்தால் அதைக் காக்க வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் அந்த உறவு சட்டப்படி முடிந்துவிடும். அப்பிள்ளை அவருக்கு வாரிசும் ஆகாது. தத்தெடுத்தல் அப்படியன்று. தத்தெடுக்கப்பட்ட பிள்ளை அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமைகளும் உடையது. அந்த உறவு வயதோடு முடிவதில்லை.

இதில் நம்மில் பலருக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் மட்டுமே உரியது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியருக்கும் பார்சிகளுக்கும் அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. நெடுங்காலம் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் அனாதை இல்லங்களிலிருந்து குழந்தைகளை எடுத்து, பெயர் சூட்டி, ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்தபோதும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படியான பாதுகாவலர்களாகவே இருந்தார்கள். “அம்மா” என்று அழைக்கப்பட்டவர் தாளில் வெறும் பாதுகாவலர். 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதற்கு 2006-இல் வந்த திருத்தமும் இந்நிலையை மாற்றின. எந்த மதத்தைச் சேர்ந்தவரும் இச்சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் சட்டம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இந்துச் சட்டத்தில் பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் என்று எழுதியிருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகனுக்காகப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். ‘பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்று பொருள் அல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள் கொள்ளலாம் என 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பெற்ற தாயே தன் கையெழுத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால் பெரியம்மாக்களின் கையெழுத்தைப் பற்றி என்ன சொல்வது!

மீண்டும் படத்துக்கு வருவோம். திருச்செல்வனிடம் மணமாகாத ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது என்று சொல்வது கதைக்காகச் சேர்த்த காட்சி என்றே முதலில் நினைத்தேன். ஆனால் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுத்தால் இருவருக்கும் குறைந்தது 21 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தனித்து வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கவே முடியாது என்கிறது. தனித்து வாழும் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. குழந்தையின் பாதுகாப்பே இதன் நோக்கம்.

சியாமா குழந்தையை விட்டுச் சென்ற செயலைப் பார்த்து எங்கள் தெருவில் படம் பார்த்தவர்கள் “இவளும் ஒரு தாயா?” என்றார்கள். சட்டம் அவ்வளவு அவசரப்படுவதில்லை. இன்றைய முறைப்படி, வளர்க்க இயலாத தாய் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுதிக்கொடுத்து ஒப்படைக்கலாம். ஒப்படைத்த பிறகும் மனம் மாற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் தருகிறார்கள். அந்த இரண்டு மாதம் கழிந்த பின்னரே குழந்தை தத்தெடுப்புக்கு உரியதாக அறிவிக்கப்படும். பெற்றவளின் துயரத்தை அறிந்த யாரோதான் இந்த விதியை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையை எப்போது சொல்வது என்பதே இப்படத்தின் நடுக்கேள்வி. பிறந்த நாளன்று சொன்னது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. இனி ஒவ்வொரு பிறந்த நாளும் அந்தப் பெண்ணுக்கு அந்தச் செய்தியின் நாளாக அல்லவா ஆகிவிடும்? விவரம் தெரியத் தொடங்கும் சிறு வயதிலேயே, கதை சொல்வது போலச் சிறிது சிறிதாகச் சொல்லி வளர்ப்பதே நல்லது என்று குழந்தை நலத்தில் ஈடுபட்டவர்கள் கூறுகிறார்கள். எனினும் இந்திராவின் அச்சத்தையும் நாம் உணர வேண்டும். தன் வயிற்றில் பிறந்த இருவர் இருக்க, பிறக்காத ஒருத்திக்காக அந்த இருவரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போர் நடக்கும் நாட்டுக்கு அவள் போகிறாள். எதற்காக? மகளை வேறொரு தாயிடம் காட்டுவதற்காக! சிம்ரன் அழுது ஆர்ப்பாட்டம் செய்யாமல் இதை நடித்திருக்கிறார்.

பெற்றவரைத் தேடும் உரிமையும் இன்றைய தத்தெடுப்பு விதிகளில் இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் மனிதர் தேட அனுமதி இல்லை. ஆனால் பெற்றவர் தம்மை வெளிப்படுத்த விரும்பாவிட்டால் அந்த விருப்பத்தை மீற முடியாது. பிள்ளைக்குக் கேட்க உரிமை உண்டு. தாய்க்கு மௌனமாக இருக்கவும் உரிமை உண்டு. படத்தின் இறுதியில் மழையில் அமுதா ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் கேள்விகளுக்குச் சியாமா பெரும்பாலும் அழுகையையே விடையாகத் தருகிறாள். விதிப் புத்தகத்தில் வறட்சியாகத் தெரியும் இந்த இரண்டு உரிமைகளும் அந்தக் காட்சியில் நேருக்கு நேர் நிற்கின்றன.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அகதி முகாம் கதையின் தொடக்கத்தில் வந்துவிட்டுப் பிறகு அமுதா தேடிப் போகும்போது மட்டும் தலைகாட்டுகிறது. உண்மையில் முகாம்கள் அப்படி மறைந்துவிடவில்லை. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு பல கட்டங்களாக ஏறத்தாழ 3 லட்சம் இலங்கைத் தமிழர்கள் தமிழகத்துக்கு வந்தனர். பலர் திரும்பிவிட்ட போதிலும், நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் வாழ்கிறார்கள். மண்டபத்தை மட்டுமே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். நம் டி. கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் சாலையில் பஸ் ஏறி, திருமங்கலத்தையும் தாண்டிச் சிறிது தூரம் போனால் உச்சப்பட்டியில் ஒரு முகாம் இருக்கிறது. 2021-இல் இவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு பெயர் மாற்றியது.

அங்கே நம் வயதுப் பெண்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். நாம் படிக்கும் அதே பாடப் புத்தகத்தைப் படிப்பவர்கள். ஆயினும் 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் இங்கு பிறந்தவர் பிறப்பால் குடிமகன் ஆக வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004-க்குப் பின் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுகிவிட்டது. ஆதலால் அவர்களில் பலருக்கு நாடு இல்லை. இந்த விதியை வைத்துப் பார்த்தால் அமுதா எந்த நாட்டுப் பெண்? அவள் கையில் பாஸ்போர்ட் எப்படி வந்தது? படம் இதைத் தொடவே இல்லை. எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையிடம் கேட்டபோது, “இந்தக் கேள்வியைப் படத்தில் கேட்டிருந்தால் அவர்கள் இராமேசுவரத்தைத் தாண்டியே போயிருக்க முடியாது” என்று சிரித்தார்.

போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அந்நியர் பாதுகாவலர் ஆவது நம் நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டிலிருந்து சோவியத் ருஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே அனாதைகளாகவும் அரை அனாதைகளாகவும் ஆன நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு, 1942-இல் குஜராத்தின் நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங் ஜாம்நகர் அருகே பாலாசடியில் இடம் கொடுத்தார். அந்த முகாமின் தலைவராக இருந்தவர் பிரான்சிசேக் புளூட்டா என்ற கத்தோலிக்க குரு. போர் முடிந்த பின் 1946 வரை முகாம் இயங்கியது. போலந்தின் தலைநகர் வார்சாவில் ‘நல்ல மகாராஜா’ என்று இவர் நினைவாக ஒரு சதுக்கம் இருக்கிறது. அந்தக் குழந்தைகளின் மொழியும் உணவும் வேறு, வழிபாடும் வேறு. இருந்தும் அவர்களுக்காகப் பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தார்.

“என்னோடு வந்துவிடு” என்று அமுதா கேட்கும்போது, சமாதானம் வந்த பிறகு ஒரு நாள் வா என்ற பொருளில் சியாமா பதில் சொல்கிறாள். படம் வெளிவந்த அதே பிப்ரவரியில் இலங்கையில் போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நிலைக்கவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது மாங்குளம் உட்பட வன்னி முழுவதும் அழிந்து கிடந்தது. அமுதா உண்மையான பெண்ணாக இருந்திருந்தால் அப்போது அவளுக்குப் பதினாறு பதினேழு வயது, ஏறக்குறைய நம் வயது. சியாமா போன்றவர்கள் உயிரோடு இருந்தார்களா என்பதைச் சொல்ல யாரும் இல்லை.

இன்று அங்கே கதை தலைகீழாக நடக்கிறது. போரின் இறுதி நாட்களில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டுப் பிறகு வீடு திரும்பாத பிள்ளைகளைத் தேடி, தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் பந்தலிட்டு அமர்ந்தார்கள். பிற ஊர்களிலும் அமர்ந்தார்கள். காணாமற்போனோருக்கென்று 2018-இல் ஓர் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. தாய்மார்களோ மகனின், மகளின் பள்ளிக்கூடப் புகைப்படத்தை நெஞ்சோடு பிடித்தபடி ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். அந்தப் படங்களை இப்போது அவர்களுடைய மற்றப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.